மெட்ராஸ் பெயரில் ஒரு நரம்பு நோய்

மெட்ராஸ் ஐ என்றால் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. ஆனா மருத்துவப் புத்தகங்களில் நம்ம தலைநகரின் பெயரோடு இன்னொரு நோயும் இருக்கு: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். அதைத் தாங்கி வாழ்கிறவர்கள் ஊரிலேயே அந்தப் பெயர் அவ்வளவாக எட்டவில்லை.

முதலில் மோட்டார் நியூரான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கையைத் தூக்கணும்னு நினைத்தால், மூளையின் மேற்பரப்பில் உள்ள ஒரு நரம்பணுவிலிருந்து செய்தி கிளம்பி தண்டுவடத்துக்கு இறங்கும். அங்கே இன்னொரு நரம்பணு அதை வாங்கித் தசைக்கு அனுப்பும். முகம், நாக்கு, தொண்டைக்கான இரண்டாவது அணுக்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்தால்தான் தசை சுருங்கும். கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நியூரானுக்குச் சில நார்கள்தான், தொடையில் நூற்றுக்கணக்கில்.

மேல் அணு கெட்டால் தசை விறைக்கும். கீழ் அணு செத்தால் தசை துடிதுடித்து, இளைத்து, சுருங்கிப்போகும். ஆனால் இது உடனே தெரியாது. அனாதையான நார்களைப் பக்கத்து நியூரான்கள் கிளைவிட்டுத் தத்து எடுத்துக்கொள்ளும். அதனால் பல அணுக்கள் போன பிறகுதான் சட்டைப் பித்தான் போட முடியலையேன்னு ஆள் உணர்வார்.

1869-ல் பிரான்சில் சார்கோ விவரித்த ஏ.எல்.எஸ். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது. ஆரம்பித்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பலர் இறந்துவிடுவார்கள். மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் வந்த சிலர் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. வயசு முப்பதுக்குள், பலர் பள்ளிக்கூடப் பருவம். கை கால் இளைப்பு, முகமும் நாக்கும் தளர்வு, அதோடு காது கேளாமை. செவி நரம்புக்கும் தசைக்கும் சம்பந்தமே கிடையாது, அதுதான் விசித்திரம். நோய் மெதுவாக நகர்ந்தது. பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இதை 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதினார்கள். (ராமமூர்த்தி 1950-ல் அதே மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர்.)

பெயரில் மெட்ராஸ் இருப்பதற்குக் காரணம், டாக்டர்கள் அங்கே இருந்தார்கள் என்பதுதான். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தின் தாலுகாக்கள். அரியலூர்க்காரருக்கு எழும்பூர் ரயிலாவது இருந்தது. பெரம்பலூருக்கு இன்னைக்கும் ரயில் கிடையாது. சென்னை 250 கி.மீ.க்கு மேல். இங்கே பதினைந்து வயசில் ஒரு பையனுக்குக் கை இளைத்து, காதும் மந்தமாகிப் போயிருந்தால், 'இளம்பிள்ளை வாதம்'னு சொல்லி முடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். போலியோ வைரஸும் தாக்குவது தண்டுவடத்தின் இதே கீழ் அணுக்களைத்தான். ஆனால் ஒரே வீச்சில் தாக்கிவிட்டு நின்றுவிடும். இது வருஷக்கணக்கில் நகரும். அந்த வித்தியாசத்தைக் கேட்டு எழுதிவைக்க ஒரு நரம்பியல் வெளிநோயாளர் பிரிவு வேண்டியிருந்தது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல்.

பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் இதைத் தொடர்ந்தது. கௌரி தேவியும் சுரேஷும் 1988-ல் எழுதினார்கள். 2008-ல் நளினி குழுவினர், 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் பார்த்த 116 பேரைத் தொகுத்தார்கள். ஆக, நோய் சென்னைக்காரர்களுடையது இல்லை, தென்னிந்தியா முழுக்கப் பரவிக் கிடந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1894 முதலே தெரிந்த பிரௌன்–வியாலெட்டோ–வான் லேர் நோயும் இதைப் போலத்தான்: காது கேளாமை, விழுங்க முடியாமை, தசை இளைப்பு. 2010-ல் அதன் காரணம் பிடிபட்டது: ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமினை உடம்புக்குள் கடத்தும் மரபணுவில் பழுது. அதிக அளவில் பி2 கொடுத்தால் பலருக்கு நோய் நிற்கிறது, சிலர் நன்றாகவே தேறுகிறார்கள். அப்படியானால் நம்ம ஆட்களுக்கும் மாத்திரையே போதுமா? நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் மெட்ராஸ் நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்தார்கள். 2013-ல் வந்த பதில்: இது வேறு நோய், அந்தப் பழுது இவர்களிடம் இல்லை.

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காதும் கேட்காமல் கையும் இளைக்கிற ஒரு பிள்ளைக்கு மெட்ராஸ் நோய் என்று முத்திரை குத்துவதற்கு முன், பி2 வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆகணும்.