கடல் முற்றுகையும் ஆஷ் மரத் தகடும்

ஐரோப்பியக் கிராமங்களில் ஆஷ் மரம் நெடுங்காலம் உழைப்பாளிகளின் மரமாகவே விளங்கியது. கோடரிக்கும் சம்மட்டிக்கும் காம்பாகவும் வண்டிச் சக்கரத்துக்கு வட்டையாகவும் அமைந்து, அடியின் அதிர்ச்சியைத் தாங்கும் குணத்தினாலேயே மதிக்கப்பட்ட அம்மரத்தை வரவேற்புக் கூடத்தில் வைத்து அழகு பார்க்கலாமென்று எண்ணிய பிரபுக்கள் 18ஆம் நூற்றாண்டில் மிகச் சிலரே. செல்வர் இல்லங்களில் அந்நாளில் கோலோச்சியது, கரீபியக் கரைகளிலிருந்து கப்பலேறி வந்த செந்நிற மஹாகனி.

இந்நிலையை யுத்தம் மாற்றியது. 1806 நவம்பரில் நெப்போலியன் பெர்லினில் பிறப்பித்த ஆணையால் பிரிட்டனுடன் வர்த்தகம் விலக்கப்பட, கடலாதிக்கமோ பிரிட்டன் வசமே இருந்தமையால் மஹாகனியின் வரவு அருக, பாரிஸ் நகரத்துத் தச்சர்கள் தங்கள் நாட்டு மரங்களின் பக்கம் பார்வையைத் திருப்பினர். அவ்வாறு அவர்கள் போற்றத் தொடங்கிய நிதிகளுள் ஒன்று ஆஷ் மரத்தின் கழலை. அடிமரத்தில் புடைத்து நிற்கும் அதனை மெல்லிய தகடாக அறுத்தால், நேர் ரேகையின்றிச் சிறு கண்களும் சுழிகளுமாய்ப் பொன்னிறச் சித்திரமொன்று விரியும். காம்புக்கு உதவாத அக்கோணல் பகுதியே மேஜைக்கும் அலமாரிக்கும் அணிகலனாயிற்று. தடை நீங்கி முடியாட்சி திரும்பிய பின்னரும் இந்த மோகம் தணியவில்லை. பத்தாம் சார்ல்ஸ் ஆண்ட 1824–1830 காலத்தில் வெளிர்நிற மரத்தின்மீது கருநிற மரக்கோலம் பதிப்பதே பாரிஸின் நாகரிகமாக இருந்தது. வியன்னாவின் பீடர்மையர் காலத் தச்சர்களும் ஹங்கேரி ஆஷின் அலையலையான ரேகையை விரும்பி எடுத்தாண்டனர்.

கழலைத் தகட்டை ஒட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. உலர்ந்ததும் அது நெளிந்து சுருளும். ஆதலால் ஈரமாக்கிப் பலகைகளுக்கிடையே அழுத்திச் சமப்படுத்திய பிறகே, சூடான வச்சிரம் தடவிய பலகைமீது பரப்பி, அகன்ற அலகுடைய சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்திழுத்து, மிகுந்த பசையையும் அடைபட்ட காற்றையும் வெளியேற்றுவர். பின்பு விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பர். பொள்ளென்று ஒலிக்குமிடத்தில் ஒட்டவில்லையென்று பொருள். அவ்விடத்தை மறுபடி சூடேற்றி அழுத்துவர்.

கழலையைத் தவிர, நேர்ரேகைத் தகடும், மலைமுகடு போன்ற கோடுகளையுடைய தகடும், வைரத்தில் பழுப்பு வரிகள் ஓடும் ‘ஆலிவ் ஆஷ்’ தகடும் உண்டு. கையால் ரம்பமிட்ட நாளில் தடித்திருந்த தகடு, வேகவைத்த மரத்தை இயந்திரக் கத்தியால் சீவும் இக்காலத்தில் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு இளைத்துவிட்டது.

அமெரிக்காவில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1940களில், ஆஷ் முதலிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வளைத்து நாற்காலி சமைத்தனர். அதில் தகடு மேற்போர்வையாக நில்லாமல் பாரம் தாங்கும் உடலாகவே ஆனது; அம்மரத்தின் பழைய வலிமையும் பிற்காலத்து அழகும் ஒன்றுகூடியது அங்கேதான் என்பது என் துணிபு.

ஆனால் 1990களின் தொடக்கத்தில் போலந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சைநோய் ஐரோப்பாவின் ஆஷ் மரங்களை இன்று நுனியிலிருந்து கருக்கிக்கொண்டு வருகிறது. 2012இல் அது பிரிட்டனிலும் காணப்பட்டது. தகடறுக்க முற்றிப் பருத்த அடிமரம் வேண்டும். அந்நோய்க்கு முதலில் இரையாவன, அப்பருமனை எட்ட இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கவேண்டிய இளமரங்களே.