வேர் என்று விற்ற உடும்பு: இணையச் சந்தையைத் தேடுபொறி துரத்திய கதை

வடநாட்டில் ‘ஹத்தா ஜோடி’ என்று ஒரு பூஜைப் பொருள் உண்டு. காய்ந்து கறுத்த ஒரு சின்னத் துண்டு, பார்க்க ரெண்டு கை கூப்பின மாதிரி இருக்கும். அபூர்வமான ஒரு செடியோட வேர், பணப்பெட்டியில் வைத்தால் செல்வம் தங்கும்னு சொல்லி விற்பாங்க. இணையக் கடைகள் பெருகினதும் இதுவும் அங்கே கடை விரித்தது, படம், விலை, வாங்கினவர்களோட நட்சத்திர மதிப்பெண் எல்லாத்தோடும்.

2017ல் வேர்ல்ட் அனிமல் புரொடெக்‌ஷன் அமைப்பும், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும், வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் சேர்ந்து இதைக் கிளறினாங்க. ஆய்வகத்தில் சோதித்தால் அது வேரே இல்லை. ஆண் உடும்போட காய வைத்த பிறப்புறுப்பு! உடும்பு நம்ம சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு அதுக்கும்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் உறுத்தினது ஒரே ஒரு விஷயம்தான். கணினியை விட்டு ‘உடும்பு விற்பனை’ என்று ராப்பகலாகத் தேடியிருந்தாலும் இது சிக்கியிருக்காது. ஏன்னா விளம்பரத்தில் உடும்பு என்ற சொல்லே கிடையாது. ‘வேர்’ என்றுதான் இருந்தது. இணையத்தில் நடக்கிற காட்டுயிர் வியாபாரத்தைத் தேடுபொறி கொண்டு பிடிக்க எடுத்த முயற்சிகளோட வரலாற்றைப் புரட்டினால், கடைசியில் அது பெயர்களோட வரலாறாகத்தான் வந்து நிற்குது.

சந்தை இடம் மாறியது

இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. நாடு விட்டு நாடு போகிற வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற ‘சைட்டீஸ்’ ஒப்பந்தம் 1975ல் நடைமுறைக்கு வந்தது. ரெண்டுமே துறைமுகம், சோதனைச்சாவடி, கிட்டங்கி இதையெல்லாம் மனசில் வைத்து எழுதினவை. சரக்கு ஒரு இடத்தில் இருக்கும், அதிகாரி போய்ப் பிடிப்பார், அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

இணையம் அந்தக் கணக்கை மாற்றியது. 2005ல் ஐஃபா என்ற விலங்கு நல அமைப்பு ஒரே ஒரு வாரம் ஆங்கில இணையதளங்களைக் கண்காணித்தது. அந்த ஒரு வாரத்தில் உயிருள்ளதும் இல்லாததுமாக 9,000க்கு மேற்பட்ட காட்டுயிர்ப் பொருட்கள் விற்பனைக்கு இருந்தன. 2008ல் 11 நாடுகளில் 183 தளங்களைப் பார்த்து 7,122 விளம்பரங்களை எண்ணினாங்க. அதில் பெரும்பகுதி யானைத் தந்தம். அந்த வருஷமே ஈபே தந்த விற்பனைக்குத் தடை அறிவித்தது, 2009 ஜனவரியில் தடை அமலுக்கு வந்தது.

தந்தம் அதோட ஒழிஞ்சுதா? இல்லை. பெயர் மாறிடுச்சு. ‘மாட்டு எலும்பு’ என்ற பெயரில் தந்தச் சிற்பம் விற்க ஆரம்பிச்சாங்க. வாங்குகிறவனுக்குப் புரியும், தேடுகிற கணினிக்குப் புரியாது.

கணினி எப்படித் தேடுகிறது

கணினியை வைத்துத் தேடுவதில் முன்னோடி அமெரிக்க வேளாண் துறைதான். அவங்க கவலை வேற: அந்நியக் களையும் பூச்சியும் நத்தையும் தபாலில் நாட்டுக்குள்ள வந்துடக் கூடாது. 2000களின் நடுவிலேயே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ‘வேளாண் இணையக் கண்காணிப்பு அமைப்பு’ என்ற ஒன்றை நடத்தினாங்க. அடிப்படை ரொம்ப எளிமை. தடை செய்த உயிரினங்களோட அறிவியல் பெயர், வழக்குப் பெயர் எல்லாம் ஒரு பட்டியல். அதோட ‘விற்பனைக்கு’, ‘விலை’ மாதிரி வணிகச் சொற்கள். ரெண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து மனிதர் முன்னால் வைக்கும். முடிவு எடுக்கிறது மனிதர்தான்.

இந்த மாதிரி எந்த அமைப்புக்கும் ரெண்டு எதிரிகள். ஒன்று, தேவையில்லாததை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவது. இன்னொன்று, தேவையானதை விட்டுவிடுவது. வலையோட கண்ணைச் சின்னதாக்கினால் குப்பை சேரும், பெரிசாக்கினால் மீன் போயிடும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டியதில்லை.

2015ல் ஹெர்னாண்டஸ்-காஸ்ட்ரோ, ராபர்ட்ஸ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் வேற வழியில் போனாங்க. பிரிட்டன் ஈபேயில் பழம்பொருள் பிரிவை 8 வாரம் எடுத்துக்கிட்டாங்க. தந்தத்தை அடையாளம் காணத் தெரிஞ்ச ரெண்டு சட்ட அமலாக்க நிபுணர்கள் ஒவ்வொரு பொருளையும் பார்த்து இது தந்தம், இது இல்லை என்று பிரித்துக் கொடுத்தாங்க. அதை வைத்து நிரலைப் பழக்கினாங்க. அந்த நிரல் விளம்பர வாசகத்தையும் பார்க்கலை, படத்தையும் பார்க்கலை. விளம்பரத்தைச் சுற்றியிருக்கிற தகவல்களை மட்டும் பார்த்தது. அதுவே 93 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னது. விற்கிறவன் பெயரை மாற்றலாம், நடத்தையை மாற்றுவது கஷ்டம் என்பதுதான் இதில் பாடம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது தந்தத்தைத் தெரிஞ்ச ரெண்டு மனிதர்கள்.

இந்தியாவில்

நம்ம நாட்டில் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 2007ல் அமைந்தது. தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கு. 2016ல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் அனில் மாதவ் தவே நாடாளுமன்றத்தில் ஒரு தகவல் சொன்னார்: காட்டுயிர்ப் பொருட்கள் விற்பனைக்கு வருகிற 106 தளங்களை அடையாளம் கண்டிருக்கோம் என்று. அதில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய கடைகளும் இருந்தன. பணியகம் அந்த நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசியது, கண்காணிக்க சைபர் வல்லுநர்களை அமர்த்தியது. பிறகு ‘ஆபரேஷன் வைல்ட்நெட்’ என்ற பெயரில் இணைய வணிகத்துக்கென்றே தனி நடவடிக்கை எடுத்தது. ஹத்தா ஜோடி வெளிச்சத்துக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான்.

2018 மார்ச்சில் கூகுள், ஈபே, அலிபாபா உள்பட 21 நிறுவனங்கள் ஒரு கூட்டணி அமைத்தன. 2020க்குள் இணையக் காட்டுயிர்க் கடத்தலை 80 சதவீதம் குறைப்பது இலக்கு. 2021 அறிக்கையில் 1.1 கோடிக்கு மேற்பட்ட விளம்பரங்களை நீக்கியோ தடுத்தோ இருப்பதாகச் சொன்னாங்க. பெரிய எண்தான். ஆனால் விளம்பரத்தை நீக்குவது வேற, வியாபாரத்தை நிறுத்துவது வேற. நீக்கின விளம்பரக்காரன் நாளைக்கு வேற பெயரில் வருவான்.

தமிழில் தேடினால்

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். கடையநல்லூருக்கு மேற்கே கருப்பாநதி அணை, அதுக்கு மேல மலை. உடும்பும் அலங்கும் மண்ணுளியும் கௌதாரியும் கதையில் வருகிற பிராணிகள் இல்லை இங்கே, அக்கம்பக்கத்துக்காரங்க. இவற்றைத் தமிழில் தேட ஒரு நிரல் எழுதணும்னா என்ன ஆகும்?

முதல் சிக்கல், ஒரே உயிருக்குப் பல பெயர். அலங்கு, அழுங்கு, எறும்புத்தின்னி மூன்றும் ஒன்றே. மண்ணுளிப் பாம்பைத்தான் இருதலை மணியன்னும் சொல்றோம். அதோட வால் மழுங்கித் தலை மாதிரி இருக்கும், ‘ரெண்டு தலை’ கதையெல்லாம் அதில் பிறந்ததுதான். அந்தக் கதையை நம்பித்தான் பலர் லட்சக்கணக்கில் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுறாங்க.

ரெண்டாவது, ஒரே பெயருக்குப் பல பொருள். ‘ஆமை’ என்று தேடினால் ஆமை வடை வரும். ‘உடும்பு’ என்றால் உடும்புப்பிடி வரும். ‘புலி நகம்’ என்ற பெயரில் ஒரு செடியே இருக்கு. காடை என்றால் பண்ணையில் வளர்க்கிற ஜப்பான் காடையை விற்பது சட்டப்படி சரி, காட்டில் கண்ணி வைத்துப் பிடித்த காடையோ கௌதாரியோ தப்பு. மயில் தோகை தானாக உதிர்ந்ததென்றால் நாட்டுக்குள்ள விற்கலாம், மயிலைக் கொன்று பிடுங்கினது குற்றம். விளம்பரத்தில் ரெண்டும் ஒரே படம்தான்.

மூணாவது, எழுத்து. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கிட்டே போகும்: அலங்கு, அலங்கோட, அலங்குச் செதில். நிரலுக்கு வேர்ச்சொல் பிரிக்கத் தெரியணும். அதைவிட வேடிக்கை, ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவங்க பதிவுகள். அங்கே ஆமையைத் தேடினால் பொறாமையும் அறியாமையும் சேர்ந்து மாட்டும்! தமிழ் எழுத்தில் இந்தத் தொல்லை இல்லை, ‘ஆ’ தனி உயிரெழுத்து, ‘றா’ உயிர்மெய்.

நாலாவதுதான் பெரிய சிக்கல். தப்பு என்றே தெரியாமல் வெளிப்படையாக விற்பது. யானைமுடி மோதிரம் நல்ல உதாரணம். நகைக்கடை மாதிரி படம் போட்டு விற்கிறாங்க. யானை முதல் அட்டவணை விலங்கு, அதன் முடியில் செய்த பொருளும் சட்டத்துக்குள்தான் வரும். முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 வருஷம் வரை சிறை. 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் அமலான பிறகு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். விற்கிறவருக்கு மட்டும் இல்லை, வாங்குகிறவரும் மாட்டிக்குவார்.

ஏன் இது அவசரம்

நட்சத்திர ஆமையை எடுத்துக்கோங்க. ஆந்திரா–கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வணிக மையத்தைச் சுற்றி மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 55,000 ஆமை பிடிபட்டுப் போனதாக 2015ல் ஓர் ஆய்வு சொன்னது. 2019ல் சைட்டீஸ் அதை முதல் பட்டியலுக்கு ஏற்றி, பன்னாட்டு வணிகத்தை மொத்தமாகத் தடுத்தது. இப்படி அள்ளினால் எந்த உயிரும் தாங்காது. இப்போ வியாபாரம் பொதுத் தளத்தை விட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் மூடிய பக்கங்களுக்கும் நகர்ந்துவிட்டது. அங்கே எந்தத் தேடுபொறியும் நுழைய முடியாது. நுழையக் கூடியவர் ஒருத்தர்தான், ஏற்கெனவே அந்தக் குழுவில் இருக்கிற நீங்களோ உங்க சொந்தக்காரரோ.

அதனால் ரெண்டு வேலை பாக்கி இருக்கு. ஒன்று, இந்த உயிர்களுக்கு ஊர் ஊராக வழங்குகிற தமிழ்ப் பெயர்களையும், வியாபாரத்தில் புழங்குகிற மறைபெயர்களையும் தொகுப்பது. ஆடு மேய்க்கிறவருக்கும் மலையடிவாரத்தில் விவசாயம் பார்க்கிறவருக்கும் தெரிந்த சொல், தில்லியில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்குத் தெரியாது. உங்க ஊரில் அலங்குக்கும் மண்ணுளிக்கும் வேற பேர் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்க, தொகுத்து வைக்கிறேன். யார் விற்கிறார், எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் இங்கே எழுத வேண்டாம்.

ரெண்டாவது, அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அதைத் திட்டிப் பகிராதீங்க. பகிர்வதும் விளம்பரம்தான். திரைப்பிடிப்பு, இணைப்பு முகவரி, தேதி மூன்றையும் எடுத்து வனத்துறைக்கோ பணியகத்துக்கோ அனுப்புங்க. நம்ம ஊர்க்காரங்க கடையநல்லூர் வனச்சரக அலுவலகத்திலேயே சொல்லலாம்.

ஹத்தா ஜோடியை வேர் இல்லை என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் யாரோ ஒருத்தர் அந்தப் படத்தைப் பார்த்து, இது வேர் மாதிரி தெரியலையே என்று சந்தேகப்பட வேண்டியிருந்தது. அந்தச் சந்தேகம் நம்ம பக்கத்து ஆளுக்கு வருவதற்கு வாய்ப்பு அதிகம். அவர் உடும்பை நேரில் பார்த்தவர்.