பள்ளிச்சந்தம்: கொடையால் வளர்ந்த கல்வி

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பழைய நூல்களிற் பெயர் பெற்ற ஊர். இன்று அது பீங்கான் தொழிலாலும், அத்தொழிலை இளைஞர்க்குக் கற்பிக்கும் அரசினர் பயிலகத்தாலும் நாடறிந்து விளங்குகின்றது. இவ்வூரைச் சூழ்ந்த நடுநாட்டிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கல்வி பயிலும் இடத்திற்குத் தமிழர் வழங்கும் 'பள்ளி' என்னும் சொல் சமணத் துறவியரின் உறைவிடத்திலிருந்து பிறந்தது. அச்சொல் கல்லில் வெட்டப்பட்ட மிகப் பழைய இடங்களுள் ஒன்றும், அப்பள்ளிகள் ஈன்ற மாணாக்கருள் தலைசிறந்த சிலர் பயின்ற இடங்களும் இந்த நடுநாட்டிலேயே உள்ளன. அவற்றின் வரலாற்றை ஊன்றி நோக்கின், ஒரு பள்ளியை நிலைநிறுத்துவது எது என்னும் வினாவிற்கு விடை கிடைக்கும்.

ஈந்தவர் பெயரோடு பிறந்த சொல்

திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் சிற்றூரில், குன்றின் மேலுள்ள குகையொன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி இது என்பதே அதன் பொருள். ஔவையார் பாடிய தகடூர் வேந்தனே அவன். பள்ளி என்பது அங்கே 'பளி' என வெட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்கல்வெட்டில், அங்கு உறைந்த துறவியின் பெயர் இல்லை. ஈந்தவன் பெயரும் ஈந்த பொருளும் மட்டுமே உள்ளன.

மதுரையை அடுத்த மாங்குளத்துக் கல்வெட்டுகள் இதனினும் பழமையானவை. அங்குள்ள குகைகளுக்குக் கொடை அளித்தோருள் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சார்ந்தவர்களோடு, வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரும் இடம்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு. மன்னனோடு வணிகரும் ஒருங்கே நின்று பள்ளி அமைத்த செய்தியைத் தமிழ்நாட்டின் மிகப் பழைய எழுத்துகளே உரைக்கின்றன.

இதற்குச் சமண அறத்திலேயே காரணம் உண்டு. சமணத் துறவி பொருள் ஒன்றும் தமக்கென வைத்துக்கொள்ளார். தாமே சமைத்து உண்ணார். மழைக்காலம் நான்கு திங்கள் ஒழிய ஓரிடத்தில் நிலைத்துத் தங்கார். அறிவு துறவியிடம் இருந்தது. ஆயினும் அதனைப் பெறவந்த மாணாக்கனுக்கு உணவும் உறைவிடமும் ஏடும் அளிக்க அவரால் இயலாது. அக்கடமை இல்லறத்தாரைச் சார்ந்தது. ஆகவே கொடையாளர் என்பவர் சமணப் பள்ளிக்குப் புறத்தே நின்று உதவியவர் அல்லர். ஆசிரியரைப் போலவே பள்ளியின் ஓர் உறுப்பாக இருந்தவர். பிற்காலத்தில் இக்கொடை 'பள்ளிச்சந்தம்' என்னும் பெயரால் நிலமாக அளிக்கப்பட்டது. நிலத்தின் வருவாய் பள்ளிக்கு உரியது. அதனைக் காக்கும் பொறுப்பில் ஊராரும் பங்கு கொண்டனர்.

பாடலிபுத்திரமும் தருமசேனரும்

கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் எனப் பெயர் பெற்ற கல்வி நகரம். உலகின் அமைப்பை விரிக்கும் 'லோகவிபாகம்' என்னும் நூல், சர்வநந்தி என்னும் முனிவரால் பாடலிகம் என்னும் ஊரில் சக ஆண்டு 380இல், அதாவது பொ.ஆ. 458இல், எழுதப்பட்டதென அதன் வடமொழி வடிவம் உரைக்கின்றது. அது காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்றும் அந்நூல் குறிப்பதனால், பல்லவர் காலத்தைக் கணிக்க வரலாற்றாசிரியர்க்கு அது பெருந்துணையாயிற்று. பாடலிகம் என்பது திருப்பாதிரிப்புலியூரே என அறிஞர் பெரும்பாலோர் கொள்வர்.

அப்பள்ளியில் பயின்று, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்த ஒருவரைப் பற்றிப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. அவரே பின்னாளில் சைவம் சார்ந்து திருநாவுக்கரசர் எனப் போற்றப்பெற்றவர். அவர் சமயம் மாறியதைச் சமணர் இழப்பாகவே எண்ணுவது இயல்பு. எனினும் கல்வி வரலாற்றின் நோக்கில் வேறொன்றும் புலனாகின்றது. தமிழகத்தின் ஒப்பற்ற நாவலர் ஒருவர் இளமையிற் கற்றுத் தேர்ந்த இடம் அப்பள்ளி என்பதைப் பிற சமயத்தார் இயற்றிய நூலே சான்று பகர்கின்றது. பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் கோயில் எழுப்பினான் என்றும் அந்நூலே கூறும். கட்டடம் போயிற்று, சர்வநந்தியின் நூற்பெயரும் பள்ளியின் கல்விப் புகழும் நின்றன.

ஐந்நூற்றுவருக்கு உணவு

கொடையின் உண்மையான பயன் வெளிப்படுவது நெருக்கடி நேரும் காலத்தில். அத்தகைய நெருக்கடி ஒன்றை வந்தவாசியை அடுத்த விடால் என்னும் ஊரின் கல்வெட்டு காட்டுகின்றது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அக்கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கு உரியது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார் என்பவர் அங்கே ஆசிரியராக விளங்கினார். அவரிடம் ஐந்நூறு பிள்ளைகள் பயின்றனர். அவர்களைப் பெண் மாணாக்கியர் என்றே ஆய்வாளர் பலர் கருதுவர். இவர்களுக்கும் தவசியர் நானூற்றுவருக்கும் இடையே உடன்பாடின்மை தோன்றியது. அந்நிலையில் குரத்தியாரையும் அவர்தம் பிள்ளைகளையும் காத்து ஊட்டும் பொறுப்பை ஊரார் தாமே ஏற்றுக் கல்லில் வெட்டுவித்தனர்.

இச்செய்தியில் நாம் போற்றத்தக்கவை மூன்று. பெண் ஒருவர் ஐந்நூறு மாணாக்கர்க்குத் தலைமை ஆசிரியராக ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார் என்பது ஒன்று. பள்ளிக்குள் பிணக்கு எழுந்தபோது, அது தீரட்டும் எனக் காத்திராமல், மாணாக்கரின் உணவு தடைப்படலாகாது என ஊரார் முதலிற் கருதினர் என்பது மற்றொன்று. பிணக்கையும் மறைக்காமல் கல்லிலேயே குறித்தனர் என்பது மூன்றாவது. பொது அறநிலையங்களில் கருத்து வேறுபாடு தோன்றுவது எக்காலத்தும் உள்ளதே. அவ்வேறுபாட்டின் சுமை பயிலும் பிள்ளையின் மேல் விழாமற் காப்பதே பெரியோர் கடன் என்பதை விடாலின் ஊரார் செய்து காட்டினர்.

தென்பாண்டி நாட்டிலும் இவ்வாறே கல்வி தழைத்தது. கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. மதுரைச் சமணர் மலையில் குணசேனதேவரின் மாணாக்கர் பெயர்களைக் காணலாம். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்பதே அக்காலத்துச் சான்றிதழாக இருந்தது.

நன்னூல் வகுத்த நெறி

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் குறுநில மன்னன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். துறவியின் புலமையும் புரவலனின் வேண்டுகோளும் இணைந்து பிறந்த அந்நூல், இன்றளவும் தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு வாயிலாக உள்ளது. அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுக்கின்றது. மாணாக்கர் பலரையும் அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம் முதலியவற்றோடு ஒப்பிடும் பகுதி பலரும் அறிந்ததே. அவற்றுள் மண்ணுக்கு ஒப்பான மாணாக்கன், உழுபவன் செய்த முயற்சியின் அளவுக்கே பயன் தருபவன். களிமண்ணைப் பிசைந்து, வடித்து, சூளையிலிட்டுப் பீங்கான் ஆக்கும் ஊரார்க்கு இவ்வுவமையின் உண்மையை விளக்க வேண்டுவதில்லை. ஒரு வகுப்பின் பெரும்பாலான பிள்ளைகள் இவ்வகையினரே; அவர்கள் மேல் எவ்வளவு உழைப்புச் செலவிடப்படுகின்றதோ அவ்வளவே அவர்களின் விளைவு.

கற்பிக்கத் தக்கவர் யாவர் எனக் கூறுமிடத்து, பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் நன்னூல் சேர்த்துக் கூறுகின்றது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்வி எக்காலத்தும் எளிது. பொருள் கொடுக்க இயலாத பிள்ளைக்கு அவ்விடத்தை வழங்கியவை பள்ளிச்சந்தங்களே. கொடையாளர் கொடுத்தது, அப்பிள்ளை கொடுக்க இயலாத பொருள்.

திருநறுங்கொண்டை தந்த நிகண்டு

உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்திலுள்ள திருநறுங்கொண்டை, அப்பாண்டைநாதர் என வழிபடப்பெறும் பார்சுவநாதர் எழுந்தருளிய மலைத்தலம். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பல அங்கே உள்ளன. விளக்குக்கும் வழிபாட்டுக்கும் அன்பர் அளித்த கொடைகள் அவற்றிற் காணப்படுகின்றன. அத்தலத்தில் விளங்கிய குணபத்திரர் என்னும் ஆசிரியரின் மாணாக்கர் மண்டலபுருடர். அவர் இயற்றியது சூடாமணி நிகண்டு. அவரை 16ஆம் நூற்றாண்டினர் என அறிஞர் பலர் கொள்வர்.

திவாகரமும் பிங்கலந்தையும் முன்னரே இருந்தன. எனினும் சிறுவர் மனப்பாடம் செய்தற்கு ஏற்ற ஓசையுடைய விருத்தப்பாவில் பன்னிரண்டு தொகுதிகளாகச் சூடாமணி அமைந்தது. பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள் எதுகை முறையில் அடுக்கப்பட்டமையால், அச்சிட்ட அகராதி இல்லாத காலத்தில் நினைவே அகராதியாக நின்று உதவியது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சைவ, வைணவப் பிள்ளைகளும் இச்சமண நூலை நெட்டுருச் செய்தே தமிழ்ச் சொற்களைக் கற்றனர். சைவத்தின் பெருங்காவலராகிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்து அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டின் உரையும் ஒன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் புகுந்தவர் எச்சமயத்தவராயினும் இந்நூலை விலக்கவில்லை. நடுநாட்டு மலைப்பள்ளி ஒன்றின் ஒரு மாணாக்கருக்கு ஊட்டிய சோறு, பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்வளமாயிற்று.

இல்லமே பள்ளியான காலம்

அரசர் ஆதரவு குன்றி, பள்ளிகள் பல மறைந்த பின்னரும் கல்வி அணைந்துவிடவில்லை; இல்லங்களில் அது காக்கப்பட்டது. மேல்சித்தாமூர் மடமும் ஊர்தோறும் இருந்த ஜினாலயங்களும் ஏடுகளைப் பேணின. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது, சமணக் கோட்பாடுகள் விளங்காமல் இடர்ப்பட்டார். குடந்தையில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்களே அவருக்கு ஐயம் அகற்றினர். அவர்களின் இல்லங்களில் சிந்தாமணி தொடர்ந்து படிக்கப்பட்டு வந்தது. 1887இல் நூல் வெளிவந்தது. நூற்றாண்டுகளாக அதனை ஓதிவந்த குடும்பங்கள் இல்லையேல், அப்பதிப்பு அத்துணைத் தெளிவு பெற்றிராது.

உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்னும் நால்வகைத் தானத்தைச் சமணம் வலியுறுத்துகின்றது. ஊரைவிட்டு வந்து பயிலும் பிள்ளைக்கு இந்நான்கும் ஒருங்கே வேண்டும். கன்னட நாட்டில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். சுருதபஞ்சமி நாளில் நாம் நூல்களை வழிபடுவது, இத்தகைய சாத்திர தானத்தின் நினைவைப் போற்றுவதும் ஆகும்.

இன்றைய பள்ளிச்சந்தம்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சமணருள் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர். சமயத்தார் அனைவருள்ளும் இதுவே உயர்ந்த அளவு. 2014ஆம் ஆண்டு சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். இவை மகிழ்தற்குரியன. ஆயினும் இவ்வுயர்ந்த சராசரியின் நிழலில், வானத்தை நோக்கி வேளாண்மை செய்யும் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் இடர் மறைந்துவிடல் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற சிற்றூர்ப் பெண், நகரத்தில் தங்கிப் பயில இடமின்றி மேற்படிப்பைக் கைவிடுவாளாயின், விடாலின் ஊரார் ஏற்ற பொறுப்பை நாம் ஏற்கத் தவறினோம் என்பதே பொருள்.

சமுதாய மலர்களில் ஆண்டுதோறும் தேர்வில் வென்ற மாணவர் பெயர்களும் கொடையளித்த அன்பர் பெயர்களும் அச்சாகின்றன. கழுகுமலைப் பாறையில் மாணாக்கர் பெயரும் சம்பைக் குகையில் ஈந்தவர் பெயரும் நின்ற மரபின் தொடர்ச்சியே அது. மண்டபத்திற்கும் சுவருக்கும் கொடுப்பது நன்று. ஆயினும் பாடலிபுத்திரத்தின் சுவர் எங்கே உள்ளது என்று இன்று எவராலும் காட்ட இயலாது. திருநறுங்கொண்டை மாணாக்கரின் நூலோ அழியாமல் நிற்கின்றது. ஆகவே திருமணம், பிறந்தநாள், முன்னோர் நினைவுநாள் ஆகியவற்றில் அறம் செய்ய எண்ணும் ஒவ்வொரு குடும்பமும், ஒரு பிள்ளையின் ஓராண்டு விடுதி உணவையோ பாடநூலையோ தம் கொடையாக ஏற்கலாம். நிலமாக அளிக்கப்பட்ட அன்றைய பள்ளிச்சந்தம் இன்று கொள்ளத்தக்க வடிவம் அதுவே.

நற்காட்சியும் நன்ஞானமும் நல்லொழுக்கமும் நம் பிள்ளைகள் வழியே தழைப்பதாக. அறம் வளர்க.