சரிந்த வெட்டு



போன மாதம் எங்கள் கலையகத்தில் ஒரு பெரியவரின் பேட்டியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். கணனித் திரையில் இரண்டு ஒலித்துண்டுகளின் நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிட்டால் போதும். ஒன்று தணிய மற்றது எழும். பொருத்து காதுக்குத் தெரியாது. இது கணனி தந்த வசதி என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன்.

உண்மையில் இது சவர அலகின் காலத்து வித்தை. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் மாக்னெற்றோஃபோன் என்ற ஒலிநாடாக் கருவியைக் காட்டியது. போர் முடிந்ததும் ஜாக் மலின் என்ற அமெரிக்கப் படைப் பொறியியலாளர் அதில் இரண்டைக் கழற்றி, பகுதி பகுதியாகத் தன் நாட்டுக்கு அனுப்பினார். 1947இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி அவற்றைக் கொண்டே ஒலிநாடாவில் பதிவாகி, வெட்டி ஒட்டி ஒலிபரப்பானது. ஒரு வாரத்துச் சிரிப்பை எடுத்துவைத்து, சிரிப்பு வராத இன்னொரு வாரத்துப் பகிடிக்கு ஒட்டினார்களாம். மலினே சொன்ன கதை. (கணக்கில் இப்படிச் செய்தால் என்னை உள்ளே போட்டுவிடுவார்கள்!)

நாடாவைப் பெரும்பாலும் 45 பாகையில் சரித்துத்தான் வெட்டுவார்கள். நேராக வெட்டினால் பொருத்தில் 'டக்' என்று கேட்கலாம். முழு அகலத்திலும் பதிந்த கால் அங்குல நாடா செக்கனுக்கு 15 அங்குலம் ஓடினால், சரிந்த பொருத்து ஹெட்டைக் கடக்கச் செக்கனில் 60இல் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பழைய ஒலி தேயும், புதியது வளரும். இன்றைய மென்பொருள் செய்வதும் அதேதான். ஆனால் இரண்டு வேறு ஒலிகளை அரைவாசி அரைவாசியாகக் கலந்தால் நடுவில் சத்தம் பள்ளம் விழும். ஆகவே அந்த இடத்தில் இரண்டையும் 3 டெசிபெல் மட்டும் தணிக்கும் வளைவு ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.

பேட்டிக்கு வருகிறேன். ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவைச் சொல்லும்போது, தம்பியின் பெயருக்கு முன்னால் பெரியவர் நாலு செக்கன் பேசாமல் இருந்தார். அரை மணிக்குள் அடக்கவேண்டும் என்று அந்த மௌனத்தை வெட்டி, நுனிகளைக் கலந்துவிட்டேன். ஒரு பழுதும் கேட்கவில்லை. ஒலிபரப்புக்கு முதல்நாள் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன்.

"அவர் இவ்வளவு கெதியாச் சொல்லியிருக்கமாட்டாரே" என்றா.

நாடாவாக இருந்தால் வெட்டிய துண்டைத் தரையில் தேடியிருப்பேன். கணனியில் மூலப்பதிவு, கோப்பில் கிடக்கும் வவுச்சர் போல, அப்படியே இருந்தது. நாலு செக்கனையும் திரும்ப வைத்தேன். நேரத்துக்கு என் முன்னுரையில் ஒரு வசனத்தை வெட்டினேன். அதை இதுவரை ஒருவரும் தேடவில்லை.