தலையில் ஒயர் மாட்டினால் ஷாக் அடிக்குமா? இ.இ.ஜி. டெஸ்ட் பற்றி தெரிந்து கொள்ளுங்கள்

வலிப்பு வந்தவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் முக்கியமான டெஸ்ட் இ.இ.ஜி. ஆனால் "தலையில கரண்ட் வைப்பாங்களாமே" என்று பயந்து சீட்டோடு வீட்டுக்குத் திரும்பி விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எல்லாம் சினிமாவில் பார்த்த ஷாக் டிரீட்மெண்ட் படுத்தும் பாடு!

அது வேறு, இது வேறு. நம் மூளை செல்கள் வேலை செய்யும்போது லேசாக மின்சாரம் உண்டாகிறது. 1 வோல்ட்டை 10 லட்சம் பங்கு போட்டால் அதில் சில பத்து பங்குதான் தலைக்கு மேலே தெரியும். அதை மிஷின் அலை அலையாக கோடு போட்டுக் காட்டும். மிஷினில் இருந்து தலைக்குள் எந்த கரண்டும் போகாது. ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் அலைகளை இப்படி பதிவு செய்தார்.

எண்ணெய் வேண்டாம்

முதல்நாள் ராத்திரி ஷாம்பு போட்டு தலைக்கு குளித்து விடுங்கள். அதன்பிறகு எண்ணெய் தடவக்கூடாது. எண்ணெய் பிசுக்கு இருந்தால் ஒயர் ஒட்டாது, பதிவும் சரியாக வராது. மொட்டை அடிக்கத் தேவையில்லை. வெறும் வயிற்றோடு போகாமல் சாப்பிட்டு விட்டுப் போகலாம். காபி, டீ மட்டும் வேண்டாம். சிலரை ராத்திரி குறைவாக தூங்கி விட்டு வரச் சொல்வார்கள். வலிப்பு அலைகள் தூக்கத்தில் நன்றாகத் தெரியும் என்பதே காரணம். வலிப்பு மாத்திரையை வழக்கம்போல் போட வேண்டும். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும் ஆபத்து உண்டு.

படுக்க வைத்து பசை தடவி 20-க்கு மேற்பட்ட ஒயர்களை ஒட்டுவார்கள். கண்ணைத் திற, மூடு என்பார்கள். 3 நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். அப்போது லேசாக தலை சுற்றலாம், பயப்பட வேண்டாம். கண்ணுக்கு எதிரே லைட் பளிச் பளிச் என்று அடிக்கும். வலி கிடையாது. மொத்தம் ஒரு மணி நேரத்தில் முடிந்து விடும். பசை தலைக்கு குளித்தால் போய்விடும்.

ரிப்போர்ட் நார்மலா?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிப்போர்ட் நார்மல் என்றதும் நோய் இல்லை என்று மாத்திரையை தூக்கிப் போட்டு விடுகிறார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் டெஸ்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்த அரைமணி நேரம் மூளை அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். திரும்ப எடுக்க வேண்டி வரலாம்.

அதனால் வலிப்பு வந்ததை நேரில் பார்த்தவர் கூடவே போவது நல்லது. கை, கால் எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்பதை டாக்டர் கேட்பார். அடுத்தமுறை வந்தால் ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க, இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம். கையில் இரும்பைத் திணிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108-க்கு போன் போடுங்கள்.