மாட்டப்படாத ஹோர்டிங்

தேர்தல் நேரத்துல பொய் சொன்னா ஜெயில். கேக்கவே நல்லா இருக்குல்ல? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிஜமாகவே அப்படி ஒரு சட்டம் இருந்தது. ஒரு வேட்பாளரைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்பினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். அந்தச் சட்டம் எப்படிச் செத்துப்போச்சுங்கறதுதான் இன்றைய கதை. அதைச் சாகடிச்சது ஒரு ஹோர்டிங். அதுவும் கடைசி வரைக்கும் மாட்டப்படாத ஹோர்டிங்.

ஊர் சின்சினாட்டி. ஜெர்மன் வம்சாவளிக் கத்தோலிக்கர்கள் நிறைய வாழும் நகரம். 2008 தேர்தலில் அங்கே ஜனநாயகக் கட்சி சார்பில் ஜெயித்தவர் ஸ்டீவ் ட்ரீஹவுஸ். தோற்றவர் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் ஷாபட். ரெண்டு பேருமே ஸ்டீவ், ரெண்டு பேருமே கத்தோலிக்கர், ரெண்டு பேருமே கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள். இன்றைய அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதியைத் தேடிக் கண்டுபிடிக்கணும். அன்றைக்கு அப்படி இல்ல.

2009-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. காப்பீடு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு அரசு மானியம் தரும். உடனே ஒரு கேள்வி எழுந்தது. மானியத்தில் வாங்கும் பாலிசி கருக்கலைப்புச் செலவையும் ஏற்றால், அது வரிப்பணத்தில் நடக்கும் கருக்கலைப்பு ஆகாதா? மத்திய அரசின் பணம், சில விதிவிலக்குகள் தவிர, அதற்குப் போகக்கூடாது என்று 1976-லிருந்தே ஹைட் திருத்தம் சொல்லிட்டு வருது. மிச்சிகன் பிரதிநிதி பார்ட் ஸ்டூபக் அதே தடையைப் புதிய சட்டத்திலும் வைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அவரும் ஜனநாயகக் கட்சிதான். 240-க்கு 194 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 64 பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்.

ஆனா செனட் வேறு வடிவத்தை நிறைவேற்றியது. கருக்கலைப்புக்கான பிரீமியத்தைத் தனியாக வசூலித்து, தனிக் கணக்கில் வைக்கணும், மானியம் அந்தப் பக்கம் போகக்கூடாது. இது போதாது என்று கத்தோலிக்க ஆயர்கள் பேரவை எதிர்த்தது. போதும் என்று கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத் தலைவர் சிஸ்டர் கேரல் கீஹன் ஆதரித்தார். ஒரே திருச்சபை, ஒரே நம்பிக்கை. அக்கவுண்டிங்கில் பிரிஞ்சுட்டாங்க.

மார்ச் 2010-ல், தடை தொடரும் என்று நிர்வாக ஆணை போடுவதாக ஒபாமா உறுதி சொன்னார். ஸ்டூபக் அணி இறங்கி வந்தது. அந்த அணியில் இருந்த ட்ரீஹவுஸும் ஆதரித்து வாக்களித்தார். 219-க்கு 212. அந்த அணி கைவிட்டிருந்தால் சட்டமே இல்ல.

தேர்தல் நெருங்கிய நேரத்தில், கருக்கலைப்பை எதிர்க்கும் 'சூசன் பி. ஆந்தனி லிஸ்ட்' என்ற அமைப்பு சின்சினாட்டியில் ஹோர்டிங் வைக்க ஏற்பாடு செய்தது. ட்ரீஹவுஸ் வரிப்பணக் கருக்கலைப்புக்கு வாக்களித்தார், வெட்கம் என்பதுதான் வாசகம். வாழ்நாள் முழுக்க எதிர்த்த விஷயத்தை ஆதரிச்சதா உங்க ஊர்லயே, உங்க சர்ச்சுக்கு வர்றவங்க கண்ணுல படற மாதிரி எழுதினா எப்படி இருக்கும்? அவருடைய வழக்கறிஞர் விளம்பர நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்ப, நிறுவனம் பின்வாங்கியது. ஹோர்டிங் ஏறல. ட்ரீஹவுஸ் அதோட நிக்காம, பொய்ப் பிரச்சாரச் சட்டத்தின் கீழ் ஒஹாயோ தேர்தல் கமிஷனில் புகார் கொடுத்தார். மூன்று பேர் குழு 2-1 என்று விசாரணைக்கு முகாந்திரம் இருப்பதாகச் சொன்னது.

நவம்பரில் அவர் தோற்றார். ஷாபட் திரும்பி வந்தார். ஹோர்டிங்கால் தோத்தார்னு சொல்ல முடியாது. அந்த வருஷம் நாடு முழுக்க ஜனநாயகக் கட்சி 63 இடங்களை இழந்தது. புகாரை அவர் திரும்பப் பெற்றார். ஆனா அமைப்பு விடல. இந்தச் சட்டமே பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்கு நடத்தியது. அவரும் அவதூறு வழக்குப் போட்டார்.

யார் சொன்னது சரி? நான் பிழைப்புக்குக் கோடு எழுதுறவன், அதனால எனக்கு இது லெட்ஜர் பிரச்சினையாத் தெரியுது. ஒரு ஆர்டர், ரெண்டு அக்கவுண்ட். ரெண்டும் தனித்தனி என்றால் ட்ரீஹவுஸ் சரி. மானியம் இல்லாட்டி அந்த பாலிசியையே வாங்கியிருக்க மாட்டாங்க, அப்ப என்ன தனி என்று கேட்டால் அமைப்புக்கும் ஒரு வாதம் இருக்கு. ஆனால் 'வரிப்பணக் கருக்கலைப்புக்கு வாக்களித்தார்' என்று ஒற்றை வரியில் எழுதுவது அந்த வாதம் இல்லை. அது வாதத்தை மறைக்கிறது. என் பார்வையில் அது நேர்மையற்ற ஹோர்டிங்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றார். மத்திய மாவட்ட நீதிபதி திமத்தி பிளாக். 2011-ல் அவதூறு வழக்கில், சட்டத்தின் வாசகப்படி வரிப்பணக் கருக்கலைப்பு கிடையாது என்று அவர் தெளிவாக எழுதினார். அதாவது ஹோர்டிங் சொன்னது தப்பு. பிறகு 2014 ஜூனில், இந்த வழக்கைக் கேட்டே ஆகணும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் திருப்பி அனுப்பியது. ஒஹாயோவின் அட்டர்னி ஜெனரல் மைக் டிவைனின் அலுவலகம் சட்டத்துக்காக வாதாடியது. அதே டிவைன் அந்தச் சட்டத்தை விமர்சித்துத் தனியாக ஒரு மனுவும் போட்டார்!

செப்டம்பரில் பிளாக் தீர்ப்புச் சொன்னார்: சட்டம் செல்லாது. அரசியலில் எது உண்மை என்பதை அரசாங்கம் முடிவு செய்யக்கூடாது, வாக்காளர்கள் செய்யட்டும் என்பது அவர் வாதம். பொய் என்று தானே எழுதிய ஒரு வரிக்கு, தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்துவிட்டார். கமிஷன் உறுப்பினர்கள் ஏழு பேரில் ஆறு பேர் கட்சிகளின் சிபாரிசில் வந்தவர்கள். தேர்தலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி புகார் கொடுத்தா, தீர்ப்பு வர்றதுக்குள்ள ஓட்டு எண்ணி முடிஞ்சிடும். ஆனா எதிராளி அதுவரைக்கும் வக்கீல் பின்னாடி ஓடணும். அந்தச் சட்டம் பொய்யைத் தடுக்கல, தேர்தல் ஆயுதமா மாறிடுச்சு. அதனால நானும் பிளாக் பக்கம்தான், ட்ரீஹவுஸ் மேல பரிதாபம் இருந்தாலும்.

அதே செப்டம்பரில் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமும் ஒரு அறிக்கை வெளியிட்டது. பல காப்பீட்டு நிறுவனங்கள் பில்லில் அந்தக் கருக்கலைப்புத் தொகையைத் தனியாகக் காட்டவே இல்லை.

2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பிளாக்கின் தீர்ப்பை உறுதி செய்தது. ட்ரீஹவுஸ் அதற்கு ரொம்ப முன்னாடியே அரசியலை விட்டு, பீஸ் கோர் வேலைக்காகக் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவின் ஸ்வாசிலாந்துக்குப் போய்விட்டார்.