களியும் கொள்கையும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் புலால் மறுப்பின் நவீன வரலாறு

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் என உயிரினங்களிடமிருந்து பெறும் அனைத்தையும் விலக்கும் உணவுமுறையை இன்று தமிழில் நனிசைவம் என்கின்றனர். இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய தோழர்களும் 1944 நவம்பரில் தனிச் சங்கம் அமைத்து, தங்களை 'வீகன்' என்று அழைத்துக்கொண்டதிலிருந்து இதன் அமைப்புவழி வரலாறு தொடங்குகிறது. தீட்டாத முழுத்தானியத்தை உணவின் நடுவில் வைத்து, அந்தந்த மண்ணிலும் பருவத்திலும் விளைந்த காய்கறிகளைத் துணையாகக் கொள்ளும் மேக்ரோபயாட்டிக் முறை, ஜப்பானில் உருவாகி 1960களில் அமெரிக்காவை அடைந்தது. இவ்விரண்டும் மேலை நாட்டு நடிகையர், பாடகர் ஆகியோரின் பெயர்களோடு சேர்ந்தே தமிழ் வாசகரை எட்டுவதால், அயல்நாட்டுப் பெருநகரங்களின் புதுப்பழக்கங்கள் என்ற எண்ணமே பொதுவாக நிலவுகிறது. சித்தூர், திருப்பதி, மதனப்பள்ளி ஆகிய ஊர்களின் கடந்த நூற்றாண்டை ஆராயும் ஒருவருக்கு அந்த எண்ணம் நீடிப்பது கடினம். கொள்கையாக விரும்பி ஏற்ற புலால் மறுப்பு, கோயில் ஒழுக்கமாக வந்த புலால் மறுப்பு, மறுப்பு ஏதுமின்றியே பெரும்பாலும் தானியத்தில் வாழ்ந்த உழவர் உணவு ஆகியன இங்கு ஒன்றின் அருகில் ஒன்றாக இருந்தும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இன்றைய எல்லைகளைக் கொண்டு இந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சித்தூர், சந்திரகிரி முதலிய வட்டங்களையும், கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு சென்றது. திருத்தணிப் பகுதி 1960இல் தமிழகத்துக்குத் திரும்பியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகி, மதனப்பள்ளியும் சித்தூரிலிருந்து பிரிந்தது. தமிழும் தெலுங்கும் வீட்டுக்கு வீடு கலந்து வழங்கும் இந்நிலப்பகுதியின் உணவுச் சான்றுகளுள் மிகப் பழையவை தமிழிலேயே உள்ளன.

அந்தச் சான்றுகள் திருமலைக் கோயிலின் கல்வெட்டுகள். பல்லவ மரபைச் சேர்ந்த சாமவை என்னும் அரசி, பத்தாம் நூற்றாண்டில் வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்து, அதன் அன்றாட அமுதுபடிக்கும் விளக்குக்கும் நிலம் விட்டது முதல், விஜயநகர ஆட்சியின் இறுதி வரை, கொடையாளர்கள் அரிசி, நெய், பயறு, மிளகு, வெல்லம், தயிர் ஆகியவற்றை நாழியும் உழக்குமாக அளந்து கல்லில் பொறித்தனர். திருப்போனகம் எனப்பட்ட சோற்றுப் படையலும், அப்பம், அதிரசம், வடை, சுகியன் முதலிய பணியாரங்களும் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. 'விட்டவன் விழுக்காடு' என்று கல்வெட்டுகள் குறிக்கும் அப்பங்கை அவர் உண்ணலாம், மடத்துக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கோயிலுக்கு வந்த பணம் கோயில் ஊர்களின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் முதலீடாகி, அதனால் கூடிய விளைச்சல் படையலுக்கு வந்த விதத்தை வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கியுள்ளார். மலைமேல் புலாலுக்கு இடமில்லை. எனினும் இது பாலையும் நெய்யையும் மையமாகக் கொண்ட சைவ உணவு என்பதை மறக்கலாகாது. கருவறையின் குலசேகரப் படியைத் தாண்டி உள்ளே செல்லும் படையல் தயிர்ச்சோறு மட்டுமே என்பது மரபு. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற லட்டும் நெய்யில்லாமல் ஆவதில்லை. நனிசைவக் கொள்கையுடைய ஒருவர் திருமலைச் சமையலைத் தம் முன்னோடியாகக் காட்டினால், அது வரலாற்றுக்குப் பொருந்தாத உரிமைகோரலாகும்.

கல்வெட்டுகளில் காணும் உணவு ஏரிப் பாசனத்தின் உணவு. மலையடிவாரத்தைத் தாண்டி மேற்கே புங்கனூர், பலமநேரி, மதனப்பள்ளி நோக்கி ஏறும் மேட்டு நிலத்தில் நெல்லுக்கு நீர் போதாது. அங்கே கேழ்வரகும் கம்பும் கொள்ளும் வேர்க்கடலையுமே வாழ்வு. தெலுங்கில் சங்கடி என வழங்கும் கேழ்வரகுக் களி, நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் மாவைக் கொட்டி மூடி, ஆவியில் வெந்தபின் துடுப்பால் கட்டியின்றிக் கிண்டி, கையில் நீர் தொட்டு உருட்டிச் செய்வது. கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, வேர்க்கடலைத் துவையல் ஆகியவற்றோடு இது அன்றாடம் உண்ணப்பட்டது. பண்டிகைக்கோ விருந்தினர் வரவுக்கோ நாட்டுக்கோழிக் குழம்பு சேர்ந்தது. இது பசு இல்லாத வட்டாரமும் அல்ல. மூன்றடி உயரத்தைக்கூடத் தொடாத புங்கனூர்க் குட்டை மாடு, குறைந்த தீவனத்தில் பிழைக்கவல்ல இனமாக இம்மேட்டு நிலத்திலேயே உருவாயிற்று. ஆயினும், தானியம் தட்டின் பெரும்பகுதியாகவும் பருப்பும் கீரையும் துணையாகவும் புலால் எப்போதாவதும் அமைந்த இவ்வுணவை, உணவுச் சீர்திருத்தக்காரர் எவரும் வகுத்துக் கொடுக்கவில்லை. வறுமையும் மழையளவும் வகுத்தன. அதனாலேயே அது கொள்கை என்ற பெயரைப் பெறாமல் போயிற்று.

கொள்கை என்ற பெயரோடு வந்த புலால் மறுப்பு, பிரம்மஞான சபையின் வழியாக மதனப்பள்ளியை அடைந்தது. 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882 முதல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட இச்சபை, எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான மெய்ப்பொருளைத் தேடுவதாகக் கூறியது. உறுப்பினராவதற்குப் புலால் மறுப்பு கட்டாயமன்று. ஆனால், எசோட்டரிக் பிரிவு எனப்பட்ட உள்வட்டத்தில் சேர்வோர் புலாலையும் மதுவையும் விட்டாக வேண்டும். இச்சபையின் உறுப்பினரும் வருவாய்த்துறை அலுவலருமான ஜிட்டு நாராயணய்யாவின் மகனாக 1895 மே மாதத்தில் மதனப்பள்ளியில் பிறந்தவரே ஜே. கிருஷ்ணமூர்த்தி. தெலுங்குப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் புலால் உண்ணாமை தேர்ந்துகொண்ட வழி அன்று, பிறந்த வீட்டின் வழக்கம். அன்னி பெசன்ட் 1915இல் இவ்வூரில் பிரம்மஞானக் கல்லூரியை நிறுவினார். அதன் முதல்வராகச் சில ஆண்டுகளில் பொறுப்பேற்றவர், அதே வழக்கத்தை முற்றிலும் வேறொரு பாதையில் அடைந்தவர்.

பெல்ஃபாஸ்ட்டில் 1873இல் பிறந்த அம்முதல்வர், கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸும், பாயில் என்ற சிற்றூரில் 1878இல் பிறந்து இசை பயின்ற அவருடைய மனைவி மார்கரெட்டும், அயர்லாந்தில் இருந்தபோதே புலாலைக் கைவிட்டவர்கள். புலால் மறுப்பும் பெண்களின் வாக்குரிமையும் அங்கே ஒரே வட்டத்து மனிதர்களை ஈர்த்தன. மார்கரெட் அவ்வுரிமைக்காக 1910இல் லண்டனின் ஹாலோவே சிறையிலும், 1913இல் அயர்லாந்தின் டல்லமோர் சிறையிலும் இருந்தார். டல்லமோரில் உண்ணாநோன்பும் மேற்கொண்டார். 1915இல் இந்தியா வந்த இவ்விணையர், பெசன்ட்டின் 'நியூ இந்தியா' நாளிதழில் ஜேம்ஸ் பணியாற்றிய குறுகிய காலத்துக்குப் பின் மதனப்பள்ளியில் குடியேறினர். 1919 பிப்ரவரியில் இக்கல்லூரிக்கு வந்த ரவீந்திரநாத் தாகூர் 'ஜன கண மன' பாடலை இங்கே ஆங்கிலத்தில் பெயர்த்ததும், மார்கரெட் அதற்கு இசைக்குறிப்பு அமைத்ததும் பலரும் அறிந்தவை. அதே மார்கரெட் 1917இல் இந்திய மாதர் சங்கத்தின் தோற்றத்தில் முன்னின்றவர்; 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறையில் ஓராண்டுத் தண்டனை பெற்றவர்.

இந்த அயர்லாந்து இணையரின் வாழ்க்கை உணவு வரலாற்றுக்கு முக்கியமாவது ஒரு முரணால். அவர்களின் நாட்டில் புலால் மறுப்பு, வழக்கத்தை எதிர்த்தவர்களின் அடையாளம்; கேலிக்கும் உள்ளானது. அவர்கள் வந்து சேர்ந்த நாட்டிலோ அது சாதி ஏணியின் மேல்படியில் இருந்தோரின் அடையாளம். உயிர்க்கொலைக்கு எதிரான அறமாகப் பேசப்பட்ட அதே வழக்கம், களியும் கோழிக்குழம்பும் உண்டவரைத் தாழ்வாகக் காணும் கருவியாகவும் இங்கே பயன்பட்டது. பிரம்மஞானிகள் சாதிப் பிரிவினையைக் கண்டித்துப் பேசியவர்கள்தாம். எனினும் புலால் மறுப்பின் இந்தச் சமூக முகத்தை அவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். பால் குறித்தும் அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. இந்தியப் பொதுவாழ்வில் பாலையே கேள்விக்குள்ளாக்கியவர் காந்தி: 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்ட அவர், கடும் நோய்க்குப் பின் 1919இல் ஆட்டுப்பாலுக்கு இணங்கினார்; பசு, எருமைகளிடம் கடைசிச் சொட்டு வரை கறக்கக் கையாண்ட கொடிய முறைகளே அவரது மறுப்புக்கு ஒரு காரணம். வாட்சனின் சங்கத்துக்கு முப்பதாண்டுகளுக்கு முற்பட்டது இந்த விலக்கு.

மதனப்பள்ளிக் கல்லூரியிலிருந்து சில கல் தொலைவில், அதே 1915ஆம் ஆண்டில், வேறொரு நிறுவனம் பணியைத் தொடங்கியது. கிறித்தவ மிஷன்கள் இணைந்து நடத்திய அக்காசநோய் மருத்துவமனை அமைந்த இடம் ஆரோக்கியவரம். அதை வளர்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மொல்லர். மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், உலர்ந்த மேட்டு நிலக் காற்று, நீண்ட ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியனவே காசநோய்க்கு உலகெங்கும் அளிக்கப்பட்ட சிகிச்சை. பாலும் முட்டையும் அவ்வூட்டத்தின் தூண்கள். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி 1948இல் முதன்முதலாகப் போடப்பட்டதும் மதனப்பள்ளியில்தான்.

மேக்ரோபயாட்டிக் முறையின் தோற்றமும் காசநோயோடு பிணைந்தது. நீண்ட ஆயுளுக்கான கலை என்ற பொருளில் அச்சொல்லை ஜெர்மன் மருத்துவர் ஹூஃபெலாண்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பினார். ஆனால், இன்றைய முறை ஜப்பானியப் படைமருத்துவர் இஷிசூகா சாகெனிடமிருந்து (1850–1909) கிளைத்தது. உடலின் நலம் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளின் சமநிலையில் உள்ளது என்றும், தீட்டாத அரிசியே அச்சமநிலையைக் காக்கும் என்றும் அவர் கருதினார். இளமையில் காசநோய்க்கு ஆளாகி, இவ்வுணவால் பிழைத்ததாக நம்பிய சகுரசாவா யுகிகாசு, ஜார்ஜ் ஓசாவா என்ற பெயரில் அதை யின், யாங் என்னும் எதிரெதிர் ஆற்றல்களின் தத்துவமாக விரித்தார். காந்தியைப் பற்றி நூல் எழுதியவரும், 1953இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்டு இந்தியாவில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கியவருமான ஓசாவா, பின்னர் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பயணம் செய்தார். அவருடைய நூலை 1965இல் ஆங்கில வாசகருக்கு ஏற்றவாறு ஆக்கிய வில்லியம் டஃப்டி, நடிகை குளோரியா ஸ்வான்சனின் கணவரானார். ஜான் லென்னனும் யோகோ ஓனோவும் இவ்வுணவை மேற்கொண்டதும் அதன் புகழைப் பெருக்கியது. அதே 1965இல், முழுக்கத் தானியத்தை மட்டும் உண்ணும் ஓசாவாவின் கடுமையான படிநிலையைப் பின்பற்றிய ஓர் இளம்பெண் அமெரிக்காவில் இறந்ததால், இம்முறை மருத்துவர்களின் கடும் கண்டனத்துக்கும் உள்ளானது. மீனைச் சிறிதளவு ஏற்கும் இம்முறையை நனிசைவம் என்று சொல்வதும் பிழை.

உணவே காசநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கைக்கு விடை, ஓசாவா இந்தியாவை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில் சென்னையிலிருந்தே வந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்தியல் ஆய்வு நடுவம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையில் ஓய்வும் நல்ல உணவும் தந்தும், மற்றப் பிரிவினரை நெருக்கடியான சொந்த வீடுகளில் அவர்களுடைய எளிய உணவோடும் வைத்தும், இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். பாலும் முட்டையும் என்ற மருத்துவமனை மரபையும், தீட்டாத அரிசி என்ற ஜப்பானிய மரபையும் இந்த ஒரே ஆய்வு ஒருசேரப் பின்னுக்குத் தள்ளியது எனலாம்.

முழுத்தானியத்தின் பெருமையில் அறிவியல் ஏற்ற பகுதியும் தென்னிந்தியாவுக்கு அந்நியமன்று. குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மக்காரிசன் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்து, தீட்டிய அரிசியைச் சார்ந்த சென்னை மாகாண உணவு மிக நலிந்தது என்றும், முழுக்கோதுமையும் பாலும் சேர்ந்த வடமேற்கு உணவு சிறந்தது என்றும் கண்டார். அவருக்குப் பின் வந்த ஐக்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலிலிருந்து வளர்ந்த பிற்காலப் பட்டியல்கள், நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும், அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும் இருப்பதாகக் காட்டின. பாலை விட்டால் சுண்ணாம்புச்சத்துக்கு எங்கே போவது என்பது நனிசைவரை நோக்கி எப்போதும் எழுப்பப்படும் கேள்வி. அதற்குரிய விடைகளுள் ஒன்று மதனப்பள்ளிச் சந்தையில் மூட்டை மூட்டையாக விற்பனையாகிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணமூர்த்தி 1926இல் மதனப்பள்ளிக்கு அருகே தேர்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ரிஷிவேலிப் பள்ளி, இன்றும் புலாலற்ற உணவையே மாணவர்க்கு அளிக்கிறது. அடையாற்று மரபில் வளர்ந்த ருக்மணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் விளைவாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஜேம்ஸ் கசின்ஸ் 1956இல் மதனப்பள்ளியிலேயே காலமானார். இப்பெயர்களை நூல்கள் காத்து வருகின்றன. கல்வெட்டில் ஏறாத, கழகம் எதுவும் கொண்டாடாத கேழ்வரகு உழவர்களைப் பற்றி அப்படியொரு நூல் இல்லை. இந்திய நனிசைவத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அடையாற்று ஆவணங்களோடு நின்றுவிடாமல், புங்கனூரிலும் பலமநேரியிலும் களி கிண்டிய தலைமுறையின் நினைவுகளையும், அவை மறையும் முன், பதிவு செய்ய வேண்டும்.